ஆள் உள்ளே

சாப்பாட்டு மேஜையில் நான்கு பேர் இருந்தார்கள். ஐந்தாவது ஆளான துணை மாலுமி மேலே சுக்கான் அறையில் இருந்தான். ஒரு நிமிஷத்துக்கு முன்புதான் போனில் கூப்பிட்டு, தன் பங்கையும் வழித்துவிடாமல் எடுத்து வைக்கும்படி சமையல்காரரிடம் கெஞ்சியிருந்தான். கப்பலில் இருந்ததே மொத்தம் ஐந்து பேர். அப்படியிருக்க, கை கழுவும் தொட்டிக்கு மேலே சுவரில் பதித்திருந்த சின்னப் பலகையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்குக்குக் கீழே 'ஆள் உள்ளே' என்ற எழுத்து. எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண். ஒன்று.

முதலில் பார்த்தது சமையல்காரர்தான்.

"கீழ யாரு சார்?" என்றார், கரண்டியைக் கையில் பிடித்தபடி.

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். அந்தக் கப்பலில் மிச்சமிருந்த ஒரே இன்ஜினியர் அவன். இன்ஜின் அறைக்குள் ஓர் ஆள் இருக்க வேண்டுமென்றால் அது அவனாகத்தான் இருக்க வேண்டும். அவனோ வாயில் கவளத்தோடு இங்கே உட்கார்ந்திருந்தான்.

"யாருமில்ல. சுவிட்சுல ஈரம் ஏறியிருக்கும்."

"புது சுவிட்சாச்சே. போன வாரந்தான மாட்டினீங்க?"

"புதுசுன்னா ஈரம் ஏறாதா? உங்க புது அடுப்பு மட்டும் சொன்ன பேச்சு கேக்குதா?"

கேப்டன் சிரித்தார். பக்கத்தில் இருந்த மாலுமியும் சிரித்தான். சமையல்காரர் சிரிக்கவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு யாரோ திட்டியதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.

அவன் இன்னும் இரண்டு கவளம் சாப்பிட்டான். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். இரண்டு மணி பன்னிரண்டு நிமிஷம். அப்படியானால் விளக்கு எரியத் தொடங்கியது இரண்டு பத்துக்கு இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கினான்.

மூன்று மாடி இறக்கம். மேல் படிகளில் வட்ட ஜன்னல் வழியாக மதிய வெயில் வந்து, கடலின் அசைவைக் கூரையில் நெளிய விட்டுக்கொண்டிருந்தது. அடுத்த படிகளில் சமையல் வாசனை தேய்ந்து, வெந்த எண்ணெயும் புதுப் பெயின்டும் கலந்த, நாக்கின் அடியில் ஒட்டிக்கொள்ளும் அந்த வாசனை ஏறியது. அதற்கும் கீழே வெயிலும் இல்லை, பகலும் இல்லை, இன்ஜினின் அடித்தொண்டை முழக்கம் ஒன்றுதான், செருப்பின் வழியாக முழங்கால் வரை ஏறுவது. இந்த முழக்கத்தில் பதினெட்டு வருஷம் தூங்கி எழுந்தவன் அவன். சத்தம் நின்றால்தான் விழித்துக்கொள்வான். இன்று அதற்குள் வேறு ஏதோ கேட்பதுபோல இருந்தது. நின்று கவனித்தால் கேட்கவில்லை.

கண்ட்ரோல் அறையில் ஏசி எலும்பைக் குடைந்தது. கண்ணாடிக்கு அப்பால் மஞ்சள் விளக்குகளின் கீழே இன்ஜினின் முதுகு தெரிந்தது. அதைச் சுற்றிக் குழாய்கள். குளிர்நீர்க் குழாய்கள். பெயர்தான் குளிர்நீர், இன்ஜினைச் சுற்றி ஓடி அதன் சூட்டை வாங்கிக்கொண்டு வரும்போது எண்பது டிகிரியில் இருக்கும், கை வைத்தால் தோல் கையோடு வராது.

முன்பெல்லாம் இந்த நீரைக் கவனிக்கவே ஆட்கள் இருந்தார்கள். இன்ஜின் பக்கம் ஏழு பேர். போன வருஷம் கம்பெனி அறுபத்தொரு சென்சார் கொண்டுவந்து குழாய்களில் அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டவைத்தது. சூடு, அழுத்தம், தொட்டியில் நீர்மட்டம் எல்லாவற்றையும் அவை நொடிக்கு நொடி அளந்து திரைக்குச் சொல்லும். திரை கரையில் இருக்கும் அலுவலகத்துக்குச் சொல்லும். நீர் குறைந்தால் வால்வு தானே திறக்கும். ஒரு பம்ப் தளர்ந்தால் மறு பம்ப் தானே ஓடும். ஏழு பேரில் ஐந்து பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மிஞ்சியது இரண்டு பேர்: அவனும், அவன் தங்கையின் கணவரும்.

மாப்பிள்ளையைக் கப்பலுக்குக் கூட்டி வந்ததே அவன்தான். "எங்கேயோ முகம் தெரியாத கப்பல்ல கஷ்டப்படறதுக்கு என் கண்ணெதிர்ல இருக்கட்டுமே" என்று தங்கையிடம் சொல்லியிருந்தான்.

அவர் செத்து இருபத்திரண்டு நாள் ஆகிறது.

திரையில் எண் இன்னும் ஒன்று என்றே இருந்தது. அதை அழித்துப் பூஜ்யமாக்கினான். நாற்காலியில் சாய்ந்தான். நாற்காலியின் சுருள் கம்பி முனகி அடங்குவதற்குள் எண் மறுபடி ஒன்றாகியது.

ஈரம்தான், என்று சொல்லிக்கொண்டான். வாய்விட்டே சொன்னான்.

காலையில் தங்கை பேசியிருந்தாள். விசாரணை அறிக்கை வீட்டுக்கு வந்திருந்ததாம். அழவில்லை. அழுது முடித்தவர்களின் வறண்ட குரல் அது.

"அண்ணா, அவரு சுவிட்ச அழுத்தாம உள்ள போனாருன்னு எழுதியிருக்காங்க."

"ம்."

"ராத்திரி கேஸ மூடினோமான்னு மூணு தடவ எழுந்து போய்ப் பாக்கிற மனுஷன்ணா. பூட்டின கதவ இழுத்து இழுத்துப் பாத்துத் தாழ்ப்பாளையே பிடுங்கினவரு. அவரா மறந்தாரு?"

"வேலை மும்முரத்துல யாருக்கும் மறக்குந்தான்மா."

"கடைசியா உன்கிட்ட என்னதான் சொன்னாரு? ஒண்ணுமே சொல்லலையா?"

"லைன் சரியில்ல. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். லைன் நன்றாகத்தான் இருந்தது. பின்னால் அவள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்டது.

நடந்தது அவனுக்கு மட்டும் தெரியும். இன்ஜின் அறைக் கதவருகே உள்பக்கம் இரண்டு பொத்தான் உண்டு. உள்ளே போகிறவன் பச்சையை அழுத்த வேண்டும். வெளியே வருகிறவன் சிவப்பை. பச்சை அழுத்தியிருக்கும்வரை எந்தப் பம்பும் தானாக ஓடாது. உள்ளே ஆள் கை வைத்திருக்கலாம் என்று இயந்திரத்துக்குச் சொல்லும் ஏற்பாடு அது, பூட்டு என்பார்கள். பழைய சுவிட்ச் கெட்டுப்போய், ஆளே இல்லாதபோதும் 'ஆள் உள்ளே' என்று பிடிவாதம் பிடித்தது. இரண்டே இன்ஜினியரோடு ஓட்டும் புதுத் திட்டம் தடங்கலில்லாமல் முப்பது நாள் ஓடிக் காட்ட வேண்டும் என்று கம்பெனி கெடு வைத்திருந்தது. இருபத்தாறாம் நாள் அவன் பலகைக்குப் பின்னால் விரல்நீளக் கம்பித் துண்டு ஒன்றைச் சொருகி, பூட்டைச் செல்லாக்காசாக்கினான். நாளைக்குச் சுவிட்சை மாற்றிவிடலாம் என்று இருந்தான். யாரிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் இரண்டு பத்துக்கு மாப்பிள்ளை இரண்டாம் பம்பின் இணைப்பைக் கழற்றப் போனார். பச்சையை அழுத்திவிட்டுத்தான் போனார். அழுத்தும்போது கண்ணாடி வழியாக இவனைப் பார்த்துக் கட்டைவிரலைக்கூடக் காட்டினார். ஏழு நிமிஷம் கழித்து எங்கோ அழுத்தம் இறங்கியது. பம்ப் தானாக ஓடியது.

அவன் ஓடிப்போய்ப் பார்த்தபோது மாப்பிள்ளை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். விழவில்லை. நின்றிருந்தார். அதன்பிறகு நான்கு மணி நேரம் உயிர் இருந்தது. அந்த நான்கு மணி நேரத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மச்சான், நான் அழுத்தினேன்ல?"

கேப்டன் பக்கத்தில் நின்றிருந்தார். சமையல்காரர் நின்றிருந்தார். அவன் குனிந்து, துணி சுற்றிய அந்தக் காதருகே சொன்னான்.

"இல்ல மாப்பிள்ளை. நீங்க அழுத்தல."

"மறந்துட்டேனா?"

"மறந்துட்டீங்க."

அவர் அதை நம்பினார். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. வலியையும் மறந்து, தன்னையே நொந்துகொண்டு, "ச்சே" என்றார். கடைசியாக என்ன சொன்னார் என்று தங்கை கேட்டாளே, அது இதுதான்.

இன்ஜின் முழக்கத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. டங். டங். டங்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது என்பதால் உள்ளே வேலை செய்கிறவர்கள் ஸ்பேனரால் குழாயைத் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு என்றால் இங்கே வா. மூன்று என்றால் எதையும் தொடாதே, நான் கை வைத்திருக்கிறேன்.

கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தான். மஞ்சள் விளக்கு. இன்ஜினின் முதுகு. நடைபாலத்தின் கம்பிகளுக்கு அடியில் குழாய்கள் போட்ட நிழல்கள், கப்பல் சாயச் சாய அவையும் சாய்ந்து நிமிர்ந்தன. ஒரு நிழல் மட்டும் சாயவில்லை என்று தோன்றியது. கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தபோது எல்லாம் சேர்ந்தே சாய்ந்தன.

திரை கிணுகிணுத்தது. குளிர்நீர்ச் சூடு எண்பத்து நான்கு.

முதல் பம்ப் தளர்ந்துகொண்டிருந்தது. அழுத்தக் கோடு குடித்தவன் நடைபோலத் தள்ளாடித் தள்ளாடி இறங்கியது. இந்நேரம் இரண்டாம் பம்ப் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். ஓடவில்லை. திரையின் அடியில், பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பது போன்ற மரியாதையோடு ஒரு வரி வந்து நின்றது: ஆள் உள்ளே இருப்பதால் பம்ப் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

அதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்தது. உயிரோடு இருந்தவனைக் காப்பாற்றத் துப்பில்லாத பூட்டு. இப்போது பாரேன், என்ன விசுவாசம்.

எண்பத்தைந்து.

பம்பைக் கையால் ஓட்ட முடியாது. கையால் ஓட்டும் பெட்டியைத் தேவையில்லை என்று சென்சார் மாட்டும்போதே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போன் அடித்தது. கேப்டன்.

"என்னப்பா, சூட்டு அலாரம் இங்க மேலயும் கத்துது?"

"பாத்துட்டிருக்கேன் கேப்டன்."

"பாத்துட்டே இருக்காத. இன்னும் கால் மணில கால்வாய் மாதிரி இடத்துக்குள்ள நுழையறோம். ரெண்டு பக்கமும் பாறை, நீரோட்டம் வேற இழுக்குது. அதுக்குள்ள இன்ஜின் நின்னுச்சுன்னா நாம அஞ்சு பேரும் அவ்வளவுதான்."

"திருப்ப முடியாதா?"

"திருப்ப எடம் இருந்தா உன்கிட்ட ஏன் கெஞ்சறேன்?"

தொண்ணூற்றிரண்டில் இன்ஜின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தொண்ணூற்றைந்தில் நின்றுவிடும். அதையும் சென்சார்தான் செய்யும். யாரையும் கேட்காது.

அடுத்த அழைப்பு கரையிலிருந்து. அலுவலகத்தில் திரைமுன் உட்கார்ந்திருக்கும் அந்த ஆளை யாரும் நேரில் பார்த்ததில்லை. மேலேயிருந்து குரல் மட்டும் இறங்கி வரம் கொடுக்கும், சாபமும் கொடுக்கும் என்பதால் கரைச்சாமி என்று பேர் வைத்திருந்தார்கள். பேர் வைத்தது மாப்பிள்ளைதான்.

"சார், சூடு ஏறுது. ஆள வெளிய வரச் சொல்லுங்க. பம்ப் தானா ஓடிரும்."

"ஆளே இல்ல."

"இருக்காரே சார். ரெண்டு பத்துக்கு உள்ள போயிருக்காரு."

"அஞ்சு பேரும் வெளியதான் இருக்கோம். நீங்க அங்கேர்ந்தே அந்தப் பூட்ட எடுத்து விடுங்க."

"முடியாது சார். அன்னைக்கு விபத்துக்கப்புறம் எங்க கையிலேர்ந்து அத எடுத்துட்டாங்க." கரைச்சாமியின் குரல் தணிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டது போல வந்தது. "அன்னைக்குப் பண்ணினத இன்னைக்கும் பண்ணுங்க சார்."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"என்னைக்குப் பண்ணினது?"

"எதுக்கு சார் என்கிட்டப் போய்… ரெண்டு பத்துக்குச் சுவிட்ச் அழுத்தின வரி எனக்கு வந்துச்சு. ரெண்டு பதினேழுக்குப் பம்ப் ஓடின வரியும் வந்துச்சு. ரெண்டும் சேந்து வரக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? மேல அழிக்கச் சொன்னாங்க, அழிச்சேன். நானும் பிள்ளகுட்டிக்காரன். இன்னைக்கும் நான் எதையும் பாக்கல. போதுமா?"

போன் வைக்கப்பட்டது. விசாரணையில் அந்த வரி இல்லாததைப் பார்த்து, ஏதோ தெய்வம் கண் திறந்தது என்று இவன் நினைத்திருந்தான். தெய்வம் இந்த ஆள்தான்.

எண்பத்தேழு.

கருவி அலமாரியைத் திறந்தான். கம்பிச் சுருளில் ஒரு விரல்நீளம் வெட்டினான். எவ்வளவு நீளம் வேண்டும் என்று கைக்கு ஞாபகம் இருந்தது. அளக்கவே இல்லை. முதலில் ஒழுங்காகச் சிவப்பை அழுத்திப் பார்ப்போம், அது கேட்டால் இந்தக் கம்பிக்கு வேலையில்லை என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

இரட்டைக் கதவின் இரண்டாம் கதவைத் திறந்ததும் சூடான காற்று நாய் மாதிரி மேலே பாய்ந்தது. காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டான். உள்ளே நீராவி வாடை. துரு பிடிக்காமல் இருக்க நீரில் கலக்கும் மருந்தின் அசட்டுத் தித்திப்பு வாடை. அதற்கு அடியில் இன்னொன்று. இருபத்திரண்டு நாளாகச் சோப்பு போட்டு, பிளீச் போட்டு, தரைத்தகடுகளைக் கழற்றி அடிவரை கழுவியும் போகாதது. அவன் மூக்குக்கு மட்டும் போகாததோ என்னவோ.

பொத்தான் பலகைக்கு முன்னால் நின்றான். எண் ஒன்று. அவன் பச்சையை அழுத்தவில்லை. அழுத்தினால் இரண்டாகும். இரண்டு என்று அங்கே பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

சிவப்பை அழுத்தினான். பூஜ்யம்.

அப்பாடா என்று மூச்சு விட்டான். மூச்சு முழுதாக வெளியே வரவில்லை. கண்ணெதிரே பச்சைப் பொத்தான் மெல்ல உள்ளே போனது. யாரோ கட்டைவிரலால் பொறுப்பாக, அடிவரை, அழுத்துவது போல. ஒரு நொடி அப்படியே இருந்தது. பிறகு வெளியே வந்தது.

ஒன்று.

சிவப்பு. பூஜ்யம்.

பச்சை தானாக உள்ளே போனது. ஒன்று.

சிவப்பு. பூஜ்யம். பச்சை. ஒன்று. பிறகு, அவன் எதையும் தொடாமலே, மறுபடி பச்சை. மறுபடி. மறுபடி. இரண்டு, மூன்று, நான்கு என்று எண் ஏறியது. அடுப்பை மூடினோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற மனுஷனின் அவசரம் அதில் இருந்தது. அழுத்தினேனா? அழுத்தினேன்ல? அழுத்திட்டேன்ல?

"மாப்பிள்ளை" என்றான். இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

பொத்தான் நின்றது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நீங்க அழுத்தினீங்க. நான்தான். ஒரே வாக்கியம். வாய் வரை வந்தது. அதைச் சொன்னால் அப்புறம் தங்கையிடமும் சொல்ல வேண்டும், கேப்டனிடமும் சொல்ல வேண்டும், விசாரணையில் பொய்க்குக் கையெழுத்துப் போட்ட கையை நீட்டிக் காட்ட வேண்டும். இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கி, காதுக்கவசத்தோடு இணைத்த வயர் வழியாகக் கரகரத்தது. "தொண்ணூறு! தொண்ணூறு ஆச்சுப்பா! நுழைஞ்சிட்டோம்! என்ன பண்ணிட்டிருக்க அங்க?"

அவன் வாக்கியத்தை விழுங்கினான்.

பலகையின் நான்கு திருகுகளையும் கழற்றினான். ஒரு திருகு விழுந்து தரைத்தகட்டின் இடுக்கில் போயிற்று. பின்பக்கம் திறந்தது. இரண்டு முனைகளும் புதுசாகப் பளபளத்தன.

டங். டங். டங்.

தூரத்தில் இல்லை. பத்தடியில். இரண்டாம் பம்பின் பக்கம். காதுக்கவசத்தை மீறி, குழாய் வழியாகத் தரைக்கு வந்து, தரை வழியாகக் கால் எலும்பில் தட்டியது. எதையும் தொடாதே. நான் கை வைத்திருக்கிறேன்.

அங்கே யாருமில்லை. அவன் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பம்ப், குழாய், விபத்துக்குப் பிறகு, நீர் கசியாதிருக்க, தானே கையால் கேஸ்கட் வெட்டி வைத்து முறுக்கிய இணைப்பு. யாருமில்லை.

டங். டங். டங்.

"யாருமில்ல" என்று சொன்னான்.

டங் டங் டங் டங் டங் டங்

கம்பியைச் சொருகினான்.

மூன்று நொடி ஆகும். அவனுக்குத் தெரியும். ஒன்று. தட்டு நின்றது. இரண்டு. எல்லாம் நின்றதுபோல ஓர் அமைதி, அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும். மூன்று.

இரண்டாம் பம்ப் உறுமிக்கொண்டு எழுந்தது. குழாய் சிலிர்த்தது. நீர் பாய்கிற சத்தம் சுவர் முழுக்க ஓடியது. இணைப்பு தாங்கியது. தாங்கியது. பிறகு அதன் விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு தோன்றி, விசிறியாக விரிந்து, பீச்சியடித்தது.

பத்தடி தள்ளி இருந்தும் முகம் காந்தியது. அவன் பின்னால் நகர்ந்து கதவில் முதுகை ஒட்டிக்கொண்டான். கொதிநீர் எதிர்ச்சுவரில் போய் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. நடுவழியில் எதன் மீதோ மோதி உடைந்தது.

நீராவிக்குள் முதலில் ஒரு தோள் தெரிந்தது.

மறு தோள்.

குனிந்த தலை. முகத்தைப் பொத்திய இரண்டு கைகள். ஆள் இல்லை. ஆளின் மேல் வழிகிற நீர் மட்டும் இருந்தது. விரலிடுக்குகளில் நீர் புகுந்து முழங்கை வழியாகச் சொட்டியது. அந்த உருவத்துக்குப் பின்னால், சுற்றிலும் நனைந்த தரைத்தகட்டின் நடுவே, ஓர் ஆள் அகலத்துக்கு உலர்ந்து கிடந்தது.

விழவில்லை. நின்றது.

வாக்கி-டாக்கி கரகரத்தது. கேப்டன் குரலில் உற்சாகம். "எறங்குதுப்பா! எண்பத்தெட்டு! எண்பத்தேழு! பொழைச்சோம்! உன் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும். கீழ எல்லாம் சரிதான?"

அவன் வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்தினான்.

"சரிதான்."

"தனியாவா இருக்க? மாலுமிய அனுப்பட்டா?"

"வேண்டாம்" என்றான். "நான் மட்டுந்தான்."

அந்தக் கைகள் முகத்திலிருந்து இறங்கின.

நீர் நெற்றியில் விழுந்தது. மூக்கில் பிரிந்தது. கன்னம், மோவாய், திறந்த வாய் என்று ஒவ்வொன்றாகத் தடவித் தடவி வழிந்து, காற்றில் ஒரு முகத்தைச் செய்து நிறுத்தியது. கண் இருக்க வேண்டிய இரண்டு குழிகளிலும் கொதிநீர் தங்கிச் சுழன்றது. தலை நிமிர்ந்தது. திரும்பியது. அவன் பக்கம்.

கையால் பின்னால் கதவின் பிடியைத் தேடினான். ஈரம். வழுக்கியது.

பிறகு, ஒரு கணத்தில், பீச்சியடித்த நீர் தடையில்லாமல் எதிர்ச்சுவர் வரை போய் விழுந்தது. உலர்ந்திருந்த இடம் நனைந்தது. அங்கே நிற்க யாருமில்லை.

நீர் எட்டாத இந்தப் பக்கத்துத் தரைத்தகட்டில், ஆவி பறக்க, ஈரமாக ஒரு காலடி விழுந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று.